முலுண்ட் ஆய்வகமும் மருந்துக் கூர்க்கனும்: பெயர், இடம், நோய் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு கண்டுபிடிப்பு எங்கு, எவரால், எப்பொருளைக் கொண்டு நிகழ்ந்தது என்னும் வரலாறு தமிழில் எழுதப்படுவது குறைவு. எழுதப்படாத அவ்விடத்தைப் பழம்பெருமைக் கதைகள் எளிதில் நிரப்பிவிடுகின்றன. மும்பையின் வடகிழக்குப் புறநகரான முலுண்டோடு தொடர்புடைய இரு கண்டுபிடிப்புகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, ஒரு செடியின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோர்ஸ்கோலின். மற்றது, முலுண்ட் உப்பளத்து மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து பெறப்பட்ட மெர்சாசிடின். முன்னதன் மூலச்செடி இன்று சேலம், தருமபுரி வட்டாரத்து வயல்களில் பயிராகிறது. பின்னதன் மூல நிலம் இன்று தாராவி மக்களின் குடியிருப்புச் சிக்கலோடு பிணைந்து கிடக்கிறது. ஆகவே இவ்வரலாறு தமிழ் ஆய்வாளருக்கு அயலானதன்று.

முலுண்டில் ஓர் ஆய்வகம்

மும்பைத் தமிழர் என்றவுடன் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பெயர்களே நினைவுக்கு வரும். தாணே எல்லையை ஒட்டிய முலுண்ட் பெரிதும் குஜராத்தியரும் மராத்தியரும் வாழும் பகுதியாக அறியப்பட்டது. தமிழ்க் குடும்பங்களும் அங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. மேற்கே மலையும் காடும், கிழக்கே உப்பளமும் கழிமுகமும், இடையே தொழிற்சாலைகளும் கொண்ட நிலம் அது.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் அயல்நாட்டு மருந்து நிறுவனங்கள் அடிப்படை ஆய்வகங்களை நிறுவியமை பம்பாய்ப் புறநகர்களில்தான் குறிப்பிடத்தக்க அளவில் நிகழ்ந்தது. 1963இல் கோரேகாவில் சீபா நிறுவனத்தின் ஆய்வு மையம் தொடங்கப்பெற்றபோது அதன் இயக்குநராக அமர்ந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கிய தி.ரா. கோவிந்தாச்சாரி (1915-2001). தாவரப் பொருள் வேதியியலில் சென்னை ஈட்டியிருந்த பயிற்சி அவரோடு பம்பாய்க்குச் சென்றது எனலாம். அம்மையத்தில் உருவான மனச்சோர்வு மருந்தொன்று 'சின்டமில்' என்னும் வணிகப் பெயரில் விற்கப்பட்டது. தமிழ்ச் செவிக்கு அது 'செந்தமிழ்' என்றே ஒலிக்கும் என்பதை இடைப்பிறவரலாகக் குறிப்பிடலாம்.

முலுண்டில் ஜெர்மானிய நிறுவனமான ஹெக்ஸ்டின் இந்தியக் கிளை 1970களின் தொடக்கத்தில் தன் ஆய்வு மையத்தை அமைத்தது. அக்காலச் சட்டச் சூழல் நினைவிற்கொள்ளத்தக்கது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்கு அச்சட்டத்தில் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே உண்டு. 2005இல்தான் இந்நிலை மாறியது. இந்திய நிறுவனங்கள் பல, அயல்நாட்டு மருந்துகளை மாற்றுச் செய்முறையில் உருவாக்குவதில் முனைந்திருந்த அந்த ஆண்டுகளில், முலுண்ட் மையம் இந்தியச் செடிகளையும் மண்ணையும் வரிசையாகச் சோதித்துப் புதுப்பொருள் தேடியது. நோயல் டிசோசா தலைமையிலான வேதியியலாரும், மருந்தியலாரும் நுண்ணுயிரியலாரும் ஒரே வளாகத்தில் பணியாற்றியதே அதன் வலிமை.

ஒரு பொருள், இரு பெயர்

1977இல் சுஜாதா பட், பஜ்வா, டோர்னாவர், டிசோசா, ஃபெல்ஹாபர் ஆகியோர் 'டெட்ராஹீட்ரான் லெட்டர்ஸ்' இதழில் கோலியஸ் ஃபோர்ஸ்கோலி என்னும் செடியின் வேரிலிருந்து பெற்ற டைடர்பீன் வகைப் பொருள்களின் அமைப்பை வெளியிட்டனர். அவற்றுள் முதன்மையானது ஃபோர்ஸ்கோலின். மறு ஆண்டில் லிண்ட்னர், தோஹத்வாலா, பட்டாச்சார்யா ஆகியோர் அப்பொருள் குருதியழுத்தத்தைத் தாழ்த்துவதையும் இதயச் சுருக்கத்தின் வலிமையைக் கூட்டுவதையும் எடுத்துக்காட்டினர்.

இதே காலத்தில் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தாரும் இதே செடியை ஆராய்ந்து, குருதியழுத்தத்தைத் தாழ்த்தும் பொருளொன்றைப் பிரித்தெடுத்துக் 'கோலியோனால்' எனப் பெயரிட்டனர். இரு பொருள்களின் மூலக்கூற்று அமைப்பும் தொடக்கத்தில் சற்று வேறுபட்டனவாகக் கருதப்பட்டன. இரண்டும் ஒன்றே என்பது 1985இல் உறுதிப்பட்டது. லக்னோவினர் செடியின் பேரினப் பெயரைக் கொண்டு பெயரிட்டனர். முலுண்டினர் சிற்றினப் பெயரைக் கொண்டு பெயரிட்டனர். நிலைத்தது முலுண்டின் பெயரே. ஒரு பொருட் பன்மொழியைப் பாடபேதங்களில் கண்டு பழகிய நமக்கு இது புதிதன்று. ஆயினும் இங்குப் பெயர்ப்போட்டியில் வென்றதற்குக் காரணம் சொல்லின் பொருத்தமன்று. வென்ற பெயர், உலகெங்கும் ஆய்வகங்களுக்குப் பொருளை வழங்கவல்ல ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பெயர்.

அச்சிற்றினப் பெயருக்குள்ளும் ஒரு நோயின் வரலாறு உண்டு. பேர் ஃபோர்ஸ்கோல் (1732-1763) லின்னேயஸின் மாணாக்கர். டென்மார்க் அரசு அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் இயற்கையியலாராகச் சென்றவர். ஏமன் நாட்டில் செடிகளைத் திரட்டிக்கொண்டிருந்தபோது மலேரியாவால் 31ஆம் வயதில் இறந்தார். குழுவில் எஞ்சியவர்கள் கடல்வழியாக 1763 செப்டம்பரில் பம்பாயை வந்தடைந்தனர். மருத்துவராக வந்த கிராமர் மறு ஆண்டு தொடக்கத்தில் பம்பாயிலேயே இறந்தார். கார்ஸ்டன் நீபூர் ஒருவரே உயிரோடு தாயகம் திரும்பி, ஃபோர்ஸ்கோலின் தாவரக் குறிப்புகளை 1775இல் பதிப்பித்தார். தோழர்கள் வந்திறங்கிய நகரிலேயே, இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, அவர் பெயர் ஒரு மருந்துப் பொருளுக்கு வாய்த்தது. இன்றைய தாவரவியலார் இச்செடியைக் கோலியஸ் பார்பேட்டஸ் என்றே வழங்குகின்றனர் என்பதால், ஃபோர்ஸ்கோலின் பெயர் செடியை விட்டு நீங்கி மருந்தில் மட்டும் தங்கிவிட்டது.

'மருந்துக் கூர்க்கன்': அடைமொழி தரும் சான்று

ஃபோர்ஸ்கோலின் பற்றிய 1985ஆம் ஆண்டு மதிப்புரை ஒன்று அதனை 'ஆயுர்வேத மருந்திலிருந்து நவீனப் பொருள் வரை' என்னும் கருத்துப்படத் தலைப்பிட்டது. அதுமுதல் இச்செடி பல்லாயிரம் ஆண்டுகளாக இதய நோய்க்குப் பயன்பட்டது என்னும் கூற்று விளம்பரங்களிலும் கட்டுரைகளிலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டு வருகிறது. இக்கூற்றை ஏற்பதற்கு முன் பெயர்ச் சான்றுகளை நோக்குதல் வேண்டும்.

வடமொழியில் 'பாஷாணபேத' என்னும் பெயரோடு இச்செடியை இணைப்பர். கல்லை உடைப்பது என்பது அதன் பொருள். சிறுநீரகக் கல்லுக்கான மருந்தை அது குறிக்கும். ஆனால் அப்பெயர் இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு செடிகளுக்கு வழங்குகிறது. இமயப் பகுதியின் பெர்கீனியா அவற்றுள் ஒன்று. பொங்கற் காப்புக்கட்டில் நாம் செருகும் சிறுபீளையும் ஒன்று. ஒரு பெயர் பல செடிகளைச் சுட்டும்போது, அப்பெயர் வரும் நூலைக் காட்டி ஒரு குறிப்பிட்ட செடியின் தொன்மையை நிறுவ இயலாது. பாடலில் வரும் பூவை இன்றைய செடியோடு பொருத்தும்போது சங்க இலக்கிய ஆய்வாளர் மேற்கொள்ளும் எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

தமிழில் நிலைமை இன்னும் தெளிவு. கோலியஸ் பேரினத்தைச் சார்ந்த இரு செடிகள் தமிழர்க்கு நன்கு அறிமுகமானவை. ஒன்று, சளிக்கும் இருமலுக்கும் வீட்டு மருந்தாகும் கற்பூரவள்ளி. ஓமவல்லி எனவும் வழங்கும். மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டியிலும் அதைத் தமிழ்க் குடும்பங்கள் விடாது வளர்ப்பதைக் காணலாம். மற்றொன்று, நெல்லை, குமரி மாவட்டங்களில் மார்கழி, தை மாதங்களில் சந்தைக்கு வரும் சிறுகிழங்கு. மலையாளத்தில் 'கூர்க்க' எனப்படுவது இதுவே. நாம் பேசும் செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகள் 'மருந்துக் கூர்க்கன்' என்னும் பெயரை வழங்குகின்றன.

இப்பெயரில் 'மருந்து' என்பது இனஞ்சுட்டிய அடை. மருந்தல்லாத, உணவாகிய கூர்க்கன் ஒன்று முன்னரே இருப்பதை அது உணர்த்துகிறது. அதாவது, உண்ணும் கிழங்கின் பெயரை அடிப்படையாகக் கொண்டு, மருந்துப் பயன் தெரிந்தபின் அடை கூட்டி ஆக்கிக்கொண்ட பெயர் இது. ஃபோர்ஸ்கோலின் அறியப்பட்டு, செடி வணிகப் பயிரான பிறகு எழுந்த பெயரென்று கொள்வதே பொருத்தமாகப்படுகிறது. கற்பூரவள்ளிக்கு இத்தகைய அடை தேவைப்படவில்லை என்பதை ஒப்புநோக்குக.

பிற மொழி வழக்குகளும் இதற்கு அரண் செய்கின்றன. குஜராத்தியர் இதனைக் 'கர்மர்' என்பர். அதன் வேரை ஊறுகாய் போடுவர். கன்னடத்தில் 'மாகந்தி பேரு', 'மங்கனி பேரு' எனும் பெயர்களில் வழங்குவதும் ஊறுகாய்க்குரிய வேராகவே. முலுண்டில் குஜராத்தியர் மிகுதியாக வாழ்கின்றனர் என்பது மேலே சுட்டப்பட்டது. ஆய்வகத்தின் குடுவையில் இருந்த வேர், அக்கம்பக்கத்து வீடுகளின் ஊறுகாய்ச் சாடிகளுக்கும் உரியது. மக்கள் அதனை உணவாக அறிந்திருந்தனர். இதயத்தின் மீதும் உயிரணுவின் மீதும் அது செலுத்தும் ஆற்றலை அறிந்தது ஆய்வகம். உணவறிவை மருந்தறிவாகத் திரித்துக் கூறுவதால் முன்னோர்க்குப் பெருமை கூடுவதில்லை. ஆய்வு செய்தோரின் பெயர்கள் மறைந்துபோவதே மிச்சம்.

உயிரணுவுக்குள்

ஃபோர்ஸ்கோலின் எவ்வாறு இயங்குகிறது என்பது 1981இல் விளங்கியது. ஹெக்ஸ்டின் ஜெர்மானிய ஆய்வாளர்களும், அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த சீமன், பாட்ஜெட், டேலி ஆகியோரும் அது அடினைல் சைக்ளேஸ் என்னும் நொதியை நேரடியாகத் தூண்டுவதைக் கண்டனர். உடலில் ஹார்மோன்கள் உயிரணுவின் வாயிலில் நின்று செய்தி கொடுக்க, அச்செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் தூதாக வளைய ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு உருவாகிறது. இத்தூதைக் கண்டறிந்தமைக்காகச் சதர்லாந்து 1971இல் நோபல் பரிசு பெற்றார். ஃபோர்ஸ்கோலின், வாயிலில் நிற்கும் ஹார்மோனுக்குக் காத்திராமல் நேரே உள்ளிருக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. இத்தகைய பொருள் அதற்கு முன் ஆய்வாளர் கையில் இருந்ததில்லை.

மருந்தாக அது எதிர்பார்த்த இடத்தை அடையவில்லை. 1983இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, முயல், குரங்கு, மனிதர் ஆகியோரின் கண்ணழுத்தத்தை அது தாழ்த்துவதைக் காட்டியது. இதய நோயிலும் ஆய்வுகள் நடந்தன. ஆனால் நீரில் எளிதில் கரையாமையும், அந்நொதி உடலெங்கும் இருப்பதால் வேண்டிய உறுப்பில் மட்டும் செயல்படாமையும் தடைகளாயின. நீரில் கரையுமாறு மாற்றியமைத்த வடிவம் ஒன்று ஜப்பானில் 1999இல் கடும் இதயச் செயலிழப்புக்கான ஊசி மருந்தாக ஏற்கப்பட்டது. மறுபுறம், அமெரிக்கச் சந்தையில் செடியின் சாறு உடல் எடை குறைக்கும் மாத்திரையாகப் பெருவணிகம் பெற்றது. அதற்கான சான்று மெலிந்தது. 2005இல் வெளியான இரு சிறு ஆய்வுகளில் ஒன்று, 30 ஆண்களிடம் 12 வாரங்களில் கொழுப்புக் குறைந்ததாகக் கூறியது. பெண்களிடம் நடத்தப்பட்ட மற்றதில் எடை குறையவில்லை.

அதன் நிலைத்த பயன் வேறிடத்தில் அமைந்தது. ஃபோர்ஸ்கோலினைப் பற்றுக்கோடாகக் கொண்டே அடினைல் சைக்ளேஸ் நொதி தூய்மையாகப் பிரிக்கப்பட்டது. 1989இல் அதன் மரபணு கண்டறியப்பட்டது; 1997இல் ஃபோர்ஸ்கோலின் பிணைந்த நிலையிலேயே நொதியின் படிக அமைப்பு வெளியானது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோயின் ஆய்வில் அதன் பங்கு இன்னும் வியப்புக்குரியது. நுரையீரலிலும் குடலிலும் உப்பையும் நீரையும் கடத்தும் வாயிலொன்றின் மரபணுப் பிழையால் விளைவது அந்நோய். 2013இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள், நோயாளியின் குடலிலிருந்து எடுத்த திசுத்துணுக்கை நுண்ணுறுப்பாக வளர்த்து, அதில் ஃபோர்ஸ்கோலினைச் சேர்த்தனர். வாயில் செயல்பட்டால் நுண்ணுறுப்பு நீர் கொண்டு வீங்கும், பழுதெனில் வீங்காது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து பயன்படும் என்பதை அவருக்குக் கொடுக்கும் முன்னரே குடுவையில் அறிய இவ்வழி உதவுகிறது. ஊறுகாய் வேரின் பொருள் ஒரு மரபுநோயின் உரைகல்லாயிற்று.

வேருக்கே வந்த நோய்

தேவை பெருகியபோது காட்டிலிருந்து பிடுங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் செடி வயலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் மருந்துக் கூர்க்கன் பெரும்பாலும் ஒப்பந்த முறையில் பயிரிடப்படுகிறது. நுனித்தண்டைக் கிள்ளி நட்டு, ஏறத்தாழ 5, 6 மாதங்களில் கிழங்கைத் தோண்டி, நறுக்கி, வெயிலில் உலர்த்தி விற்பர். உலர்ந்த வேரின் எடையில் ஃபோர்ஸ்கோலின் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே.

பயிரானவுடன் நோயும் வந்தது. வேரழுகலும் வாடலும் இப்பயிரின் பெருங்கேடுகள். ஃபியூசேரியம், மேக்ரோஃபோமினா ஆகிய பூசணங்களும், ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியமும், வேர்முடிச்சு நூற்புழுவும் தனித்தும் கூடியும் தாக்குகின்றன. நூற்புழு துளைத்த வேரில் பூசணம் எளிதில் புகுகிறது. விதையின்றித் தண்டால் பெருக்குவதால் வயல் முழுதும் ஒரே மரபுடைய செடிகள். ஒன்றைச் சாய்க்கும் நோய் அனைத்தையும் சாய்க்கும். கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2014இல் காட்டியபடி, ஃபோர்ஸ்கோலின் உருவாகும் எண்ணெய்த் துளிகள் வேரின் புறத்தக்கை உயிரணுக்களில்தான் உள்ளன. நோய் முதலில் தொடும் இடமும் விலைபோகும் பொருள் இருக்கும் இடமும் ஒன்றே.

அதே கோபன்ஹேகன் குழு 2017இல், செடியின் மரபணுக்களை நொதிப்பூஞ்சைக்குள் செலுத்தி, ஆய்வகக் கலத்திலேயே ஃபோர்ஸ்கோலினை உருவாக்கிக் காட்டியது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்பது அன்றைய அளவு. அளவு பெருகி விலை குறையுமாயின் சேலத்து வயலுக்கு என்ன நேரும் என்னும் கேள்வி எழாமலிராது. சாயத்தொழிலில் அவுரிக்கு நேர்ந்தது நம் வரலாற்றில் உள்ளது.

கூர்க்கனின் நோய்களுக்கு எதிராகக் கோவையிலும் பெங்களூரிலும் நடந்த ஆய்வுகள், வேதி நஞ்சைக் காட்டிலும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை நம்பின. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் முதலியவற்றை மண்ணிலும் நாற்றிலும் சேர்த்து வேரழுகலைக் குறைக்க இயன்றது. நுண்ணுயிரைக் கொண்டே நுண்ணுயிரை வெல்லும் இவ்வழி நம்மை மீண்டும் முலுண்டுக்கு அழைத்துச் செல்கிறது.

உப்பளத்து நுண்ணுயிரி

முலுண்ட் ஆய்வகத்தார் செடிகளோடு மண்ணையும் சோதித்தனர். முலுண்ட் உப்பளத்து மண்ணிலிருந்து பிரித்த பேசில்லஸ் இன நுண்ணுயிரி ஒன்றிலிருந்து மெர்சாசிடின் என்னும் எதிர்நுண்ணுயிர்ப் பொருளைப் பெற்றனர். வேதியியல் விவரங்கள் 1992இல் வெளியாயின. 20 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம் அது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத 'எம்.ஆர்.எஸ்.ஏ.' என்னும் மருத்துவமனைக் கிருமியை அது எதிர்த்தது. அவ்வெழுத்துகளைப் பெயரிலேயே ஒலிக்கக் கேட்கலாம். கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் லிப்பிட் 2 என்னும் மூலப்பொருளைப் பற்றிக்கொண்டு, சுவர் எழாமல் தடுப்பது அதன் இயங்குமுறை. 2004இல் எலிகளின் மூக்கிலிருந்து அக்கிருமியை அது அகற்றியதாக ஓர் ஆய்வு காட்டியது. எனினும் மனிதர்க்கான மருந்தாக அது வெளிவரவில்லை. 1990களின் இறுதியில் முலுண்ட் மையமே நிக்கலஸ் பிராமல் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது.

நுண்ணுயிரியின் வரலாறு ஜெர்மனியின் பான் நகரில் தொடர்ந்தது. மெர்சாசிடினை உருவாக்கும் மரபணுத் தொகுதி 2000இல் வரிசைப்படுத்தப்பட்டது. 2011இல் அத்தொகுதி, எஃப்.இசட்.பி.42 என்னும் மற்றொரு பேசில்லசுக்கு மாற்றப்பட்டது. இப்பின்னது ஐரோப்பாவில் பயிர்வேர்களைப் பூசணத்திலிருந்து காக்க வணிகமுறையில் விற்கப்படும் நுண்ணுயிரி. 2007இல் வெளியான அதன் மரபணுத் தொகுப்பில் எட்டு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி, இத்தகைய எதிர்ப்பொருள்களை உருவாக்குவதற்கே ஒதுக்கப்பட்டிருந்தது. வியப்பு என்னவெனில், மெர்சாசிடினைத் தாங்கிக்கொள்வதற்கான மரபணுக்கள் அதில் முன்னரே இருந்தன. அதனை உருவாக்கும் மரபணுக்கள் மட்டுமே இல்லை. முலுண்டின் மரபணுக்கள் அவ்விடைவெளியை நிரப்ப, அது மெர்சாசிடினைச் சுரக்கலாயிற்று. மனித நோய்க்கெனத் தேடிய பொருளும் பயிர்நோய்க்கெனப் பேணிய உயிரும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் என்பது இதனால் அறியலாகிறது. மருத்துவத்தையும் வேளாண்மையையும் வெவ்வேறு துறைகளாகப் பிரித்து அறிவியல் தமிழ் நூல்களை எழுதும் நம் வழக்கம், மண்ணில் இல்லாத எல்லையொன்றை ஏட்டில் வரைகிறது.

2024 செப்டம்பரில், தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின்கீழ் மும்பையில் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தில் வாடகைக் குடியிருப்புகள் கட்ட மகாராட்டிர அரசு முடிவு செய்தது. கஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் ஆகிய இடங்களில் உள்ள நிலங்கள் அவை; முலுண்டில் மட்டும் 58.5 ஏக்கர். தாராவியிலேயே வீடு பெறத் 'தகுதியற்றோர்' எனப் பகுக்கப்படுவோருக்கு உரியவை அக்குடியிருப்புகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல்பதனிடும் தொழிலுக்கெனச் சென்று தாராவியில் வேரூன்றிய தமிழர் வழிவந்தோரும் அப்பகுப்பில் அடங்குவர். தாராவியைப் பற்றித் தமிழில் கதைகளும் கள ஆய்வுகளும் உள்ளன. அவர்கள் அனுப்பப்படவிருக்கும் உப்பளம், மருந்து வேதியியலின் ஏடுகளில் 'முலுண்ட் உப்பளம்' என்னும் பெயரிலேயே பதிவாகியுள்ளது. தமிழ் ஏடுகளில் அதற்கு இன்னும் ஒரு வரி இல்லை.